இடது கையைத் தொடாதீர்கள்

இது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வார்டில் நடந்தது. கழுத்தில் ஆபரேஷன் முடிந்து என் மனைவி படுத்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் முறைத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

முறைப்பது எனக்குத் தொழில். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை. அடுத்தவன் செய்து அனுப்பிய சாமானை அளந்து பார்த்து, மயிரிழை கூடுதல் குறைச்சல் இருந்தாலும் சிவப்பு பெயின்ட் தடவி ஒதுக்கிவிட வேண்டும். இதையே வருஷக்கணக்காகச் செய்தால் வீட்டுக்கு வந்த பிறகும் வாய் சும்மா இருக்குமா? சாம்பாரில் உப்பு, ஆசாரி பொருத்திய ஜன்னல், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவரின் கோணல், எல்லாவற்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். "உங்க வாயிலயே ஒரு டப்பா பெயின்ட் இருக்குங்க" என்பாள் என் மனைவி.

அவளுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகி அப்போதே ஏழு வருஷம் ஆகியிருந்தது. புதனும் சனியும் டயாலிசிஸ். அதற்காக இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். அதன் மேல் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் பாய்கிற அதிர்வு கிர்ரென்று தெரியும். அந்த அதிர்வு நின்றால் ஊசி குத்த வழியில்லை. ஊசி இல்லாவிட்டால் டயாலிசிஸ் இல்லை. இன்னொரு இடத்தில் தைக்க அவளுக்கு ரத்தக்குழாய்கள் தோதாக இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஆக, அவள் உயிர் அந்த மணிக்கட்டில் இருந்தது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது, பை மாட்டக்கூடாது, வளையல்கூடக் கூடாது.

டயாலிசிஸ் ரூம் மனிதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியே வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வணக்கம் சொல்வதில்லை, கை குலுக்குவதும் இல்லை. உள்ளே வந்ததும் பக்கத்துக் கட்டில்காரரின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, "ஓடுதா?" என்பார்கள். "ஓடுது" என்று பதில் வரும். அப்புறம்தான் மழை, விலைவாசி, அரசியல் எல்லாம்.

என் மனைவியின் பக்கத்துக் கட்டில்காரர் எல்லையோரத் தமிழ் ஊரான மார்டள்ளியிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் வருகிற விவசாயி. அவளை அக்கா என்பார். அந்த உறவில் என்னை மாமா என்பார். எனக்கும் அவருக்கும் வயசு வித்தியாசம் மூன்றோ நாலோதான். "ஏனுங்க மாமா, இன்னைக்கு யாரு மேல கோவமுங்க?" என்று ஆரம்பிப்பார். அவரிடம் மட்டும் என் பெயின்ட் டப்பா திறக்காது.

கழுத்து விஷயத்துக்கு வருகிறேன். வருஷக்கணக்கில் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, மெஷினால் சுத்தம் செய்ய முடியாத ஏதோ ஒன்று மூட்டுகளில் போய்ப் படிந்து எலும்பை அரித்துவிடுமாம். இவளுக்குக் கழுத்தில் அரித்திருந்தது. ஒன்றரை வருஷமாக இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன. கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்து விரலெல்லாம் கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது என்றே அவளுக்குத் தெரியும். டம்ளர் கையில் நிற்காது. டயாலிசிஸ்காரர்களுக்குக் குடிக்கிற தண்ணீரே அளவுதான். "நாள் பூரா எனக்குக் கிடைக்கிறது ரெண்டு வாய் காபி. அதையும் தரைதான் குடிக்குது" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நான் துடைக்கத் துணியைத் தேடிப் போவேன்.

வாரம் ஒரு நாள் பெங்களூரிலிருந்து வருகிற எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, அரித்த இடத்தைச் சுரண்டி எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி அங்கே வைத்துத் தகடு போட்டு முடுக்க வேண்டும் என்றார். இரண்டு கழுத்தெலும்பும் நாளடைவில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். விட்டுவைத்தால் கால்களும் போகும். "சேர்ந்துடும்னு உறுதியாச் சொல்ல முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். முடியாது என்றார். டயாலிசிஸ்காரர்களின் எலும்பு பலமில்லாதது, சேர நாளாகும், சிலருக்குச் சேராமலே போகும். ரத்தக் கசிவு வரலாம், புண் ஆறாமல் சீழ் பிடிக்கலாம், சிலர் ஆபரேஷனையே தாங்காமலும் போயிருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சரி, இல்லை என்று இரண்டே பதில் தெரிந்த எனக்கு இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. வெளியே வந்து, வேண்டாம் என்றேன்.

"கை உங்களுதா, என்னுதா?" என்றாள் அவள். அதோடு பேச்சு முடிந்தது.

ஒரு புதன்கிழமை டயாலிசிஸ் முடித்து, மறுநாள் வியாழக்கிழமை ஆபரேஷன். ஐந்து மணி நேரம். கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பட்டையோடு வெளியே வந்தாள். தலையைக் குனியவோ திருப்பவோ முடியாது, கூரையை மட்டும்தான் பார்க்க முடியும். கழுத்தின் முன்பக்கமாகக் கீறியிருந்ததால் குரலும் எழும்பவில்லை. நாலைந்து நாள் பேச வைக்காதீர்கள் என்றார்கள்.

எனக்கு ஒரே கவலைதான். டயாலிசிஸ் ரூம் நர்ஸ்களுக்கு அந்தக் கை அத்துப்படி. இந்த வார்டில் இருப்பவர்கள் கால் உடைந்தவர்களையும் இடுப்பு உடைந்தவர்களையும் பார்த்தே பழகியவர்கள். யாராவது மறந்துபோய் இடது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிவிட்டால்? அட்டையில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் "இடது கையைத் தொடாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலில் கட்டினேன். அதுவும் போதாமல் அவள் முழங்கைக்குக் கீழே பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். இன்ஸ்பெக்டர் இல்லையா!

பார்வையாளர்களைக் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வார்டுக்குள் விடுவார்கள். வெள்ளிக்கிழமை அதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்து நஞ்சன்கூடு கோயிலுக்குப் போய் வந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வருகிறேன் என்று வேண்டியிருந்தேன். அர்ச்சனை செய்து, பிரசாதத்தோடு ஒரு மஞ்சள் கயிறும் வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்து அவள் நெற்றியில் குங்குமம் வைத்தேன். கயிற்றைக் கட்டினேன். பெண்களுக்கு எந்தக் கையில் கட்டுவது? இடது கையில்தானே. நானும் இடது மணிக்கட்டில்தான் கட்டினேன்.

இப்போது எழுதும்போதே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் அன்று என் மனசில் ஒரு துளி சந்தேகமும் எழவில்லை. தொடக்கூடாது என்று நான் பயந்ததெல்லாம் ஊசியையும் பிரஷர் பட்டையையும்தான். சாமி கயிறு அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அதிலும் நான் எவ்வளவு கெட்டிக்காரன் தெரியுமா? தையல் தழும்புக்கு மேலே தள்ளி, ஒரு விரல் தாராளமாக நுழைகிற அளவுக்கு இடம் விட்டு, நுழைத்தும் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வார்டுக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் பெண் பிரஷர் பார்க்க வந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். வலது கையில்தான் பட்டையைச் சுற்றினாள். முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து இடது கையை நோக்கி விரலை நீட்டினாள்.

"முட்டபேடா!" என்று கத்தினேன். தொடாதே என்று கன்னடத்தில். "போர்டு தெரியலையா? கண்ணு எங்க இருக்கு?"

"இல்லா சார், ஆ தாரா..." என்று கயிற்றைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அது பிரசாதம். உன் வேலையை மட்டும் நீ பாரு."

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. பட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்ட திருப்தியில் நான் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்ததால் என் மனைவியின் கை இரண்டையும் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் அவளுக்கு டயாலிசிஸ். பத்து மணி வாக்கில் மார்டள்ளிக்காரர் வந்தார். அவருக்கும் அன்று டயாலிசிஸ் முறை. அதற்கு முன்னால் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடி ஏறியிருந்தார்.

"என்னுங்க அக்கா, கழுத்துக்குத் தகடெல்லாம் போட்டு ராணியாட்டம் படுத்திருக்கீங்க" என்றபடி, வழக்கம்போல் போர்வையை விலக்கி அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். "ஓடுதுங்களா?"

அவளால் பேச முடியாது. அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. விரலை நகர்த்தி வைத்தார். அழுத்தி வைத்தார். குனிந்து காதை வைத்தார்.

"ஏனுங்க மாமா," என்றார் மெதுவாக, "சத்தம் வரமாட்டேங்குதுங்களே."

எழுந்து பார்த்தேன். கை உப்பியிருந்தது. விரல்கள் புடைத்திருந்தன. ஒரு விரல் இடம் விட்டுக் கட்டிய கயிறு சதைக்குள் புதைந்து, மேலே ஒரு மஞ்சள் கோடு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு நாளாக டிரிப் ஏறியிருக்கிறது, டயாலிசிஸ் ஆகவில்லை. உடம்பில் நீர் கோத்துக் கை கால் வீங்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஏழு வருஷமாக வாரம் இரண்டு தடவை அந்த வீக்கத்தைப் பார்த்தவன். அளவெடுத்தேனே தவிர, நாளைக்கும் இதே அளவு இருக்குமா என்று யோசிக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் நேற்று சேர்ந்த பயிற்சி ஆள்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நகம் நுழையவில்லை. "சிஸ்டர்!" என்று கத்தினேன். ஓடி வந்தது அதே பெண்தான். ஒரு பார்வை பார்த்தாள். பாக்கெட்டிலிருந்து முனை வளைந்த கத்தரிக்கோலை எடுத்து, கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் நிதானமாக நுழைத்து, ஒரே வெட்டு. அவள் கையில் நடுக்கமே இல்லை.

கயிறு போய்விட்டது. அதிர்வு வரவில்லை.

மார்டள்ளிக்காரர் மணிக்கட்டை விடவே இல்லை. நர்ஸ் பெண் ட்யூட்டி டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், இடம் மாற்றி வைத்தார், உதட்டைப் பிதுக்கினார். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அவ்வளவுதான். டயாலிசிஸுக்கு அவசரமாகக் கழுத்தில் குழாய் போடுவார்கள். கழுத்தில்தான் இப்போது ஆபரேஷன் ஆகியிருக்கிறதே. தொடையில் போடலாம், அது எத்தனை நாளைக்கு? என் மனைவியைப் பார்த்தேன். கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, என் மேல் வெறுத்துப்போய் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"யார் கட்டினது இது?" என்றார் டாக்டர்.

"கோயில் கயிறுங்க, தானா இறுகிப்போச்சுங்க" என்று மார்டள்ளிக்காரர் குறுக்கே விழுந்தார். நர்ஸ் பெண் தலை குனிந்து நின்றாள். நேற்று நடந்ததை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செத்தேன். சொல்லவில்லை.

"நான்தான் கட்டினேன் டாக்டர். இந்தப் பொண்ணு நேத்தே சொல்ல வந்தாங்க. நான் சொல்லவிடல" என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

டாக்டர் கையைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொன்னார். பிரஷர் குறைந்திருக்கிறது என்று ஏதோ மருந்தை மாற்றினார். பத்து நிமிஷம் இருக்கும். எனக்குப் பத்து வருஷம். மார்டள்ளிக்காரர் சட்டென்று, "சித்த இருங்க, யாரும் பேசாதீங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையை இழுத்து அந்த மணிக்கட்டில் வைத்தார்.

இருந்தது. ரொம்ப லேசாக, விட்டு விட்டு இருந்தது. அப்புறம் விடாமல் வந்தது.

"ஓடுதுங்க மாமா" என்றார். அத்தனை பேர் முன்னால் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் அப்புறம்தான் வந்தது. மத்தியானம் அந்தக் கையிலேயே ஊசி போட்டு டயாலிசிஸ் நடந்தது.

சாயங்காலம் நர்ஸ் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பிடி சார்," விட்டுத் தள்ளுங்கள் என்றாள் கன்னடத்தில். "எங்க அப்பாவும் இப்படித்தான். முதல்ல கத்துவார், அப்புறம் வந்து நிப்பார்." எனக்கு அந்தப் பொழுதில் சிரிப்பு வந்தது, அதற்கு அவளுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் மனைவியின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கஞ்சி ஊட்டினேன், போர்வையைச் சரி செய்தேன், அதோடு சரி. செவ்வாய்க்கிழமைதான் அவளுக்குக் குரல் கொஞ்சம் எழும்பியது. முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கயிறு கட்டினீங்களே," என்றாள் கரகரத்த குரலில், "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்தே அது கடிச்சிட்டு இருந்துச்சுங்க."

"கடிச்சுதா? ஐயோ, பேசத்தான் முடியாது, கையைக் காலை ஆட்டியாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்ன கடிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? குனிஞ்சு பாக்கவா முடியும்? அந்த இடத்துல நறுக் நறுக்குனு வலிச்சுது. ஒன்றரை வருஷமா நெருப்பை வெச்சாக்கூடத் தெரியாத கைங்க அது. வலிக்குதுன்னு தெரிஞ்சதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? யார்கிட்டயாவது சொன்னா எதையாவது செஞ்சு அதை நிறுத்திடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு அப்படியே அசையாம கிடந்தேன். கயிறை வெட்டினப்புறம் விரல்ல ரத்தம் பாயறது குறுகுறுன்னு தெரிஞ்சுது. அதுக்குத்தான் அழுதேன். நீங்க வேற, என்னமோ நான் சாபம் குடுத்த மாதிரி மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருக்கீங்க."

நான் செய்த மடத்தனத்துக்குள் படுத்துக்கொண்டு அவள் ஒரு ராத்திரி முழுக்கச் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். அந்த வாரம் வந்த எலும்பு டாக்டர், அவளைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலிலும் ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தொடுகைக்கும் "ஆமா, ஆமா" என்றாள், பரீட்சையில் பதில் தெரிந்த குழந்தைபோல. டாக்டரே சிரித்துவிட்டார்.

எலும்பு மட்டும் அவர் எச்சரித்தபடியே இழுத்தடித்தது. வருஷம் ஒன்றைத் தாண்டியும் எக்ஸ்ரேயில் நடுவில் சேராத இடம் ஒரு கோடாகத் தெரிந்துகொண்டே இருந்தது. கழுத்துப் பட்டையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தோம். கடைசியில் ஒரு நாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கோடு போய்விட்டது என்றார். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்றும் சொன்னார். விரல் நுனிகளில் கொஞ்சம் மரமரப்பு மிச்சம் இருக்கிறது, கழுத்து முழுசாகத் திரும்பாது. ஆனால் டம்ளர் கையில் நிற்கிறது, ஜாக்கெட் கொக்கியை அவளே போட்டுக்கொள்கிறாள். புதனும் சனியும் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறோம்.

சிவப்பு பெயின்ட் வேலை ஓய்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். வாய் அதன் பாட்டுக்குப் போகிறது. ஆனால் யாராவது தயங்கித் தயங்கி "சார், இது..." என்று நான் செய்ததைக் கைகாட்டினால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன். காவல் காக்கிறேன் என்று கத்திக்கொண்டே அந்தக் கையை நெரித்துக்கொண்டிருந்தவன் நான்தான் என்பதை ஒரு நாளும் என்னால் மறக்க முடியவில்லை.